கட்டி ஆயிலும் பிரஷர் முள்ளும்

பாளையங்கோட்டையில் கார் என்றால் அம்பாசிடர், இல்லையென்றால் பியட் என்றிருந்த காலம் என் நினைவில் நன்றாக இருக்கிறது. டாக்டர்கள், வக்கீல்கள், கல்லூரிப் பேராசிரியர்கள் என்று கார் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். அந்த வண்டிகளைப் பார்த்த பட்டறைகளும் கொஞ்சம்தான். முருகன்குறிச்சியில் கேட்டாலும் சமாதானபுரத்தில் கேட்டாலும் என்ஜின் ஆயில் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் மாறாமல் புழங்கின. பிரஷர் முள் மேலே ஏறி நின்றால் என்ஜின் திடமாக இருக்கிறது என்பது ஒன்று. நம்ம ஊர் வெயிலுக்குக் கட்டி ஆயில்தான் தாங்கும் என்பது மற்றொன்று. ஆகவே எல்லா வண்டிக்கும் 'ட்வென்டி ஃபார்ட்டி'. வண்டி பழசாகி முள் இறங்கத் தொடங்கினால் 'ட்வென்டி ஃபிஃப்டி'. படித்தவர்களும் இதைக் கேள்வி கேட்டதில்லை. இன்றைக்கு கார்களும் மாறிவிட்டன, பட்டறைகளும் மாறிவிட்டன. ஆனால் புதுக் காருக்குக் கம்பெனி சொன்ன 0டபிள்யூ-20 ஆயிலை டப்பாவிலிருந்து ஊற்றும்போது, "தண்ணி மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி, நம்ம வெயிலுக்கு இது எங்க தாங்கும்?" என்ற குரல் இன்னும் கேட்கிறது. அந்தக் காலத்து மெக்கானிக்குகள் ஊற்றிய ஆயில் அந்த என்ஜின்களுக்குச் சரியானதுதான் என்றே நினைக்கிறேன். அதற்கு அவர்கள் சொன்ன காரணம்தான் பிழை. காரணம் பிழையாக இருந்ததால், என்ஜின் மாறிய பிறகும் பழக்கம் மாறாமல் நிற்கிறது.

முதலில் பிரஷரைப் பார்ப்போம். சம்ப்பில் கிடக்கும் ஆயிலைப் பம்பு உறிஞ்சி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவை முன்னே தள்ளுகிறது. அது வெளியேற வேண்டிய வழி மெயின் பேரிங்குகளிலும் பிக் எண்ட் பேரிங்குகளிலும் உள்ள இடைவெளி. ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் அந்த இடைவெளி. அவ்வளவு குறுகலான இடத்தில் ஆயில் நுழைந்து வரப் படும் பாடுதான் முள்ளில் பிரஷராகத் தெரிகிறது. ஆயில் கட்டியானால் முள் ஏறும். பேரிங்குக்குக் கூடுதலாக ஆயில் போய்ச் சேர்ந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. ஓர் எல்லையைத் தாண்டினால் ரிலீஃப் வால்வு திறந்து, மிச்ச ஆயிலை மறுபடி சம்ப்புக்கே அனுப்பிவிடும். பழவூர் அணைக்கட்டில் பிரிந்து வரும் பாளையங்கால்வாயில் பாசனம் பார்த்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றும் இல்லை. கால்வாயில் அமலைச்செடியும் மண்ணும் அடைத்துக்கொண்டால் மேல்பக்கம் மட்டம் ஏறும், ஏறியது அணைக்கு மேல் வழிந்து ஆற்றுக்கே போகும், கடைமடை வயல் காயும். மேலே நட்டிருக்கும் அளவுகல்லை மட்டும் பார்க்கிறவர் தண்ணீர் ஏராளம் என்று எழுதிவைத்துவிட்டுப் போவார். காலையில் என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் அம்பாசிடரின் முள் விறைத்து நின்றதே, அது இந்த அளவுகல்தான். நாள் முழுவதிலும் என்ஜினுக்கு ஆயில் குறைவாகப் போய்ச் சேரும் நேரத்தில்தான் முள் மிக உயரத்தில் நின்றது.

பம்பு தரும் பிரஷர்தான் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கிப் பிடிக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையில்லை என்பது தெரிந்து நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. 1883இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்தார். அச்சின் அடிப்பாகம் ஆயில் தொட்டியில் நனைந்திருந்தது; பாரம் முழுவதும் மேலே இருந்த பேரிங்கின் மீது. ஆயில் விடுவதற்காக அந்தப் பேரிங்கின் உச்சியில் அவர் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியே ஆயில் பொங்கி வந்தது. கார்க்கை வைத்து அடைத்தார், மரக்கட்டையை வைத்து அடைத்தார். இரண்டையும் ஆயில் வெளியே தள்ளியது. மீட்டரைப் பொருத்தியபோது முள் 200 பி.எஸ்.ஐ.யைத் தாண்டிப் போனது. அந்த அமைப்பில் பம்பு என்று எதுவும் கிடையாது. சுழலும் அச்சே ஆயிலைக் குறுகிய இடத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்த் தன்னைத் தூக்கி நிறுத்திக்கொண்டது. இதற்கான கணக்கை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார். கார் என்ஜினிலும் நடப்பது இதுவே. பம்பு தருவது மூன்று நான்கு பார் அழுத்தம். பேரிங்குக்குள் ஆயில் படலத்தில் எழுவது நூற்றுக்கணக்கான பார். பம்பின் வேலை ஆயிலைத் தட்டாமல் கொண்டு சேர்ப்பதும், அங்கே உண்டாகும் சூட்டை அள்ளிக்கொண்டு போவதும். சூட்டை அள்ள வேண்டுமானால் ஓட்டம் வேண்டும். ஓட்டத்தை முள் காட்டாது.

அப்படியானால் ஆயிலின் கட்டித்தன்மைக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். நிச்சயம் உண்டு. படலம் எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பது ஆயிலின் கட்டித்தன்மை, சுழலும் வேகம், சுமக்கும் பாரம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். 1902இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் வரைந்து காட்டிய வளைகோடு இதைத்தான் சொல்கிறது. இரும்பும் இரும்பும் தொடாத அளவுக்குப் படலம் வந்துவிட்ட பிறகு, அதற்கு மேல் கட்டியாக ஊற்றும் ஆயில் உராய்வைத்தான் கூட்டும். உராய்வு சூடாகும், சூடு அந்த ஆயிலையே இளக்கும், கூடுதலாகக் கொடுத்த கட்டித்தன்மையில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துபோகும். மிச்சம் பெட்ரோல் செலவில் தெரியும். ஆகவே கட்டி ஆயில் நல்லதா கெட்டதா என்று பொதுவில் கேட்பதில் பொருள் இல்லை. இந்த என்ஜினின் இடைவெளிக்கு, இந்தப் பம்புக்கு எது போதும் என்றுதான் கேட்க வேண்டும். அதற்கு விடை தெரிந்தவர் அந்த என்ஜினை வரைந்தவர்.

இனி வெயிலுக்கு வருவோம். கோடையில் வானிலை அறிக்கையைப் படிக்கிறவர்களுக்குப் பாளையங்கோட்டை பழக்கமான பெயர். 40 டிகிரியை ஒட்டிய எண் அதன் எதிரே நிற்கும். ஆனால் ஆயிலுக்குச் சூடு தருவது வெளிவெயில் இல்லை, என்ஜின். அந்தச் சூட்டைக் கட்டுப்படுத்துவது தெர்மோஸ்டாட். மார்கழிக் காலையானாலும் அக்னி நட்சத்திர நண்பகலானாலும் குளிர்விக்கும் தண்ணீரை அது 80 முதல் 95 டிகிரிக்குள் வைத்திருக்கும். ஆயில் அதை ஒட்டி நூறு டிகிரிப் பக்கம் ஓடும். ஊட்டியில் ஓடும் காருக்கும் பாளையங்கோட்டையில் ஓடும் காருக்கும் ஓட்டச் சூட்டில் உள்ள வித்தியாசம், வெளியே நிற்கும் நமக்குத் தெரிகிற வித்தியாசத்தில் ஒரு சிறு பங்குதான். 20டபிள்யூ-50 என்பதில் இரண்டாவது எண் நூறு டிகிரியில் உள்ள கட்டித்தன்மையைக் குறிக்கிறது. எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் சங்கம் வகுத்த அளவின்படி அந்தச் சூட்டில் 20 என்பது 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் வரை, 30 என்பது 9.3 முதல் 12.5 வரை, 40 என்பது 12.5 முதல் 16.3 வரை, 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. இந்த எண்களை மட்டும் பார்த்தால் 0டபிள்யூ-20 ரொம்பவும் இளப்பமானது என்றே தோன்றும். அதே ஆயிலை 40 டிகிரியில் அளந்தால் 40 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல் வரும். நம் ஊரில் மே மாத நண்பகலில் நிழலில் நிறுத்திய காரின் சம்ப்பில் இருக்கும் 'தண்ணி ஆயில்', ஓட்டச் சூட்டில் இருக்கும் 20டபிள்யூ-50ஐ விட இரண்டு மடங்குக்கு மேல் கட்டி. அந்த நேரத்தில் 20டபிள்யூ-50 எப்படி இருக்கும்? 150 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல். மார்கழிக் காலையின் 23 டிகிரியில் அதிலும் இரண்டு மடங்குக்கு மேல். டப்பாவிலிருந்து ஊற்றும்போது கண்ணால் பார்த்து ஆயிலை எடைபோடுகிறவர் ஓட்டச் சூட்டை எட்டாத ஆயிலை எடைபோடுகிறார்.

டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் பனி நாட்டுக்காரர்களின் கவலை, நமக்கு எதற்கு என்பார்கள். 20டபிள்யூ ஆயிலுக்கான சோதனை பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலுக்கான சோதனை கீழே 30 டிகிரியிலும் நடக்கிறது என்பது உண்மைதான். தாமிரபரணிக் கரையில் யாருக்கும் ஆயில் உறைந்து வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போனதில்லை. இருந்தாலும் அந்த எண் நமக்கும் ஒன்று சொல்கிறது. அது குறையக் குறைய, குளிர்ந்த நிலையிலும் ஓட்டச் சூட்டிலும் ஆயிலுக்கு உள்ள வித்தியாசம் சுருங்குகிறது. ஸ்டார்ட் செய்த கணத்திலிருந்து கேம் ஷாஃப்ட் வரை ஆயில் சீக்கிரம் போய்ச் சேர்கிறது. பாளையங்கோட்டைக் கார்களின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். காலையில் பள்ளிக்கூட வாசல், அங்கிருந்து ஆபீஸ், சாயங்காலம் மார்க்கெட், ஞாயிற்றுக்கிழமை கோயிலோ சர்ச்சோ. மகாராஜநகரிலிருந்து கிளம்பி சுலோச்சனா முதலியார் பாலத்தைத் தாண்டி ஜங்ஷன் போய்ச் சேருவதற்குள் தண்ணீர்ச் சூட்டு முள் நடுவுக்கு வந்துவிடும். ஆயில் முழுச் சூட்டை எட்ட அதைவிட நேரம் பிடிக்கும். ஊருக்குள் மட்டும் ஓடும் கார் தன் ஆயுளின் பெரும்பகுதியை ஆயில் முழுதாகச் சூடாகாத நிலையில்தான் கழிக்கிறது. எந்த ஊருக்குக் கட்டி ஆயில் வேண்டும் என்று வெயிலைக் காட்டிச் சொல்கிறோமோ, அந்த ஊரின் கார்களுக்குத்தான் அது குறைவாகப் பொருந்துகிறது.

பிறகு ஏன் கட்டி ஆயில் அந்தக் காலத்தில் வேலை செய்தது? இதற்கான விடை நம் ஊரில் இல்லை. அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு. உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை அதைத் தயாரித்தது. நெடுங்காலம் அதில் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் பி.எம்.சி. கம்பெனியின் பி வரிசையைச் சேர்ந்தது. 1960களில் டக்ஹாம்ஸ் என்ற கம்பெனியின் 20டபிள்யூ-50 ஆயில் பேர் வாங்கியது அதே இங்கிலாந்தில், அதே பி.எம்.சி. கம்பெனியின் மினி போன்ற கார்களில். வருடத்தில் பாதி நாள் குளிரில் நடுங்கும் ஒரு நாடு கட்டி ஆயிலைக் கொண்டாடியது என்றால் அதற்கு வெயில் காரணமாக இருக்க முடியாது. அந்த என்ஜின்களின் இடைவெளி அதைக் கேட்டது. மினியில் கியர் பாக்ஸும் அதே ஆயிலில்தான் ஓடியது. நம் ஊரிலோ என்ஜினை ரீபோர் செய்து, கிராங்கை லேத்துப் பட்டறையில் அரைத்து, அண்டர் சைஸ் பேரிங் போட்டு, மறுபடி மறுபடி ஓட்டினோம். அளவு எங்கேயாவது பிசகியிருக்கும். டிரம்மிலிருந்து லூஸில் அளந்து கொடுத்த ஆயிலும் இருந்தது. அதில் என்ன கலந்திருந்தது என்பதை விற்றவர்தான் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் நடுவில் கட்டி ஆயில் ஒரு காப்பு. மெக்கானிக்கின் கை அனுபவம் என்ஜினைச் சரியாகத்தான் படித்தது. வாய் மட்டும் வெயிலைக் காரணம் சொன்னது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் முள் போய்ச் சிவப்பு விளக்கு வந்தது. பெரியவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை, முள் இல்லாத கார் ஒரு காரா என்றார்கள். அந்த ஆதங்கத்தில் ஒரு நியாயம் உண்டு, பிறகு சொல்கிறேன். அதற்குப் பின் வந்த என்ஜின்களில் ஆயில் வெறும் மசகு எண்ணெயாக இருக்கவில்லை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு, டைமிங் செயினை இறுக்கும் டென்ஷனர், டேப்பெட் இடைவெளியைத் தானே சரிசெய்யும் லிஃப்டர், பிஸ்டனின் அடியில் பீச்சும் குழாய், டர்போவின் பேரிங் என்று ஆயில் கையாளாகவும் வேலை பார்க்கிறது. அந்தச் சிறு துளைகள் ஒரு குறிப்பிட்ட ஆயிலை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. அங்கே இரண்டு படி கட்டியான ஆயிலை ஊற்றினால் என்ஜின் உடனே அடித்துவிடாது. மந்தமாகும், குளிர்ந்த நிலையில் செயின் சத்தம் கேட்கும், மைலேஜ் குறையும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். கம்பெனிக்காரன் தண்ணி ஆயில் சொல்வது உன் என்ஜினுக்காக இல்லை, அரசாங்கத்தின் மைலேஜ் கணக்குக்காக என்பார்கள். இதை நான் ஒதுக்க மாட்டேன். கம்பெனி விற்கும் எல்லாக் கார்களின் சராசரியைப் பார்க்கும் விதி நம் நாட்டில் 2017இல் தொடங்கியது. கிலோமீட்டருக்கு 130 கிராம் கரியமில வாயு என்றிருந்த இலக்கு 2022இல் 113 கிராமாக இறுகியது. அந்த நெருக்கடி இல்லையென்றால் மாருதி 0டபிள்யூ-16 வரைக்கும் இறங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் கணக்குக்காக இறங்கினார்கள் என்பதாலேயே என்ஜினைப் பலியிட்டார்கள் என்று ஆகாது. பேரிங்கின் அகலத்தையும் மேற்பூச்சையும் பம்பின் அளவையும் சேர்த்து மாற்றித்தான் இறங்கினார்கள்; வாரண்டியும் அவர்கள் தலையில்தான். நான் ஒத்துக்கொள்ளும் இடம் வேறு. கையேடு ஒரே எண்ணைச் சொல்லாமல் இரண்டு மூன்றுக்கு இடம் கொடுத்திருந்தால், அதில் எது என்பதை ஓட்டுகிறவர் தன் ஓட்டத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். மிக வேகமாகவோ கடும் பாரத்தோடோ ஓட்டுவதானால் சற்றுக் கட்டியான ஆயில் பொருத்தமாக இருக்கும் என்று டொயோட்டா கையேடுகளிலேயே எழுதியிருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் அப்படிப்பட்ட ஓட்டம் உண்டு. மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் சாலையில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஜீப் முக்கி ஏறும்போது வேகம் குறைவு, பாரம் அதிகம். படலம் மெலிய இதைவிட வாகான நேரம் இல்லை. நான்குவழிச் சாலையில் ஆறு பேரையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றி, ஏசி போட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை எதிர்த்து நூறுக்கு மேல் விரட்டினால் ஆயில் நூறு டிகிரியோடு நிற்காது. இதற்காகத்தான் 150 டிகிரியில், கடுமையான நசுக்கலில் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். 20க்கு அங்கே கட்டித்தன்மை, மில்லிபாஸ்கல்-செகண்ட் கணக்கில், குறைந்தது 2.6 இருக்க வேண்டும், 30க்கு 2.9, 15டபிள்யூ-40 போன்றவற்றுக்கு 3.7. பாரமாக ஓடும் வண்டிக்கு டப்பாவின் பெரிய எழுத்தைவிட இந்தச் சிறிய எண்தான் முக்கியம். ஒரே 5டபிள்யூ-30 என்ற பெயரில் 2.9 உள்ளதும் இருக்கிறது, 3.5க்கு மேல் உள்ளதும் இருக்கிறது. எது எது என்பதை ஐரோப்பியக் கார் கம்பெனிகளின் சங்கமான ஏ.சி.இ.ஏ.வின் தரக்குறியீடு காட்டும். டீசல் புகை வடிகட்டி உள்ள பி.எஸ்.-6 வண்டிகளுக்கு அந்தக் குறியீட்டை மீறவே கூடாது. அங்கே தவறான ஆயில் வடிகட்டியை அடைத்துவிடும்.

கடைசியாகப் பழைய என்ஜின். முள் இறங்குகிறது, அல்லது சூடான பிறகு ஐட்லிங்கில் விளக்கு மினுக்குகிறது. கட்டி ஆயில் ஊற்றினால் நின்றுவிடுகிறது. கண்ணெதிரே பலன் தெரியும்போது தத்துவம் பேசலாமா என்பது பட்டறைக்காரர்களின் கேள்வி. பேசித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் கணக்கு அவர்களுக்கு எதிராக இருக்கிறது. பேரிங் இடைவெளி வழியே ஒழுகும் ஆயில், இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இடைவெளி பத்தில் ஒரு பங்கு அதிகமானால் ஒழுகல் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகும். 40லிருந்து 50க்குப் போவதால் கிடைக்கும் கட்டித்தன்மையோ கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஒரு படி ஏற்றியதன் பலன் முழுவதையும் அந்தப் பத்தில் ஒரு பங்கு தேய்மானம் தின்றுவிடும். தேய்மானத்தைத் துரத்திப் பிடிக்கும் கால் எந்த ஆயிலுக்கும் கிடையாது. விற்கப்போகிற வண்டிக்கோ, என்ஜின் வேலைக்குப் பணம் சேரும் வரை ஓட்ட வேண்டிய வண்டிக்கோ இதைச் செய்யலாம். செய்கிறவர் தள்ளிப்போடுகிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். அதற்கும் முன்னால் பிரஷர் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்சார் கெட்டிருக்கலாம், சம்ப்பின் சல்லடை அடைத்திருக்கலாம், ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், குறுந்தூர ஓட்டத்தில் பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் தனி மீட்டரை மாட்டி, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு அளக்கச் சொல்லுங்கள். கம்பெனி சேவைப் புத்தகத்தின் எண்ணோடு ஒப்பிடுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு ஆயில் சேஞ்சைவிடக் குறைவு.

முள் போனதைப் பற்றிய பெரியவர்களின் ஆதங்கத்தில் நியாயம் உண்டு என்றேனே, அது இதுதான்: முள் படிப்படியாக இறங்கும்போது எச்சரித்தது, விளக்கு எச்சரிப்பதில்லை. பிரஷர் அரை பார் அளவுக்கும் கீழே போன பிறகே அது எரியும். அணைந்திருக்கிறது என்பதால் எல்லாம் நலம் என்று ஆகாது. எரிந்துவிட்டால் யோசிக்கவே இடமில்லை. வண்டியை ஓரம் கட்டி அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்துங்கள். அடுத்த பங்க் வரை போய்விடலாம், வண்ணார்பேட்டை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லையென்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல், கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.